லைனின் அந்த முனை

கண்ணு,

தோளில் இருந்த சிங்க முத்திரையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். பரங்கிமலையில் உன் பாஸிங் அவுட் பரேடைப் பார்க்க வந்து, வெயில் தாங்காமல் உன் அப்பாவின் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? அதற்குள் பத்து வருஷம் ஓடிவிட்டது. மேஜராக வெளியே வந்து, 'டெக்னாலஜி கன்சல்டன்ட்' என்று கார்டு அடிக்கக் கொடுத்திருக்கிறாயாம்.

உன் சின்னத் தாத்தாவும் அதே சிக்னல்ஸ்காரன்தான். 1989இல் லெப்டினன்ட் கர்னலாக வெளியே வந்து, நீ இப்போது தொடங்குகிற தொழிலையே இருபத்தைந்து வருஷம் செய்தேன். உருப்படியாகச் செய்ததை ஒரு போஸ்ட்கார்டில் எழுதிவிடலாம். தப்பாகச் செய்ததற்கு நோட்டு வேண்டும். அந்த நோட்டிலிருந்து கொஞ்சம் உனக்கு.

நடுநடுவே ஒரு வெள்ளைக்காரர் வருவார், பொறுத்துக்கொள். நம் இரண்டு பேருக்கும் முன்னால் இதே வழியில் போனவர், ஸ்டாஃபோர்ட் பியர். 1926இல் லண்டனில் பிறந்தார். தத்துவம் படித்துக்கொண்டிருந்தவர் 1944இல் படிப்பைப் பாதியில் விட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார். 9ஆம் கூர்க்கா ரைஃபிள்ஸில் அதிகாரியாகி, 1947 வரை நம் நாட்டில்தான் இருந்தார். திரும்பிப் போய் ஷெஃபீல்ட் பக்கம் இரும்பு ஆலை வேலை, பிறகு ஆலோசனைத் தொழில், கடைசியில் சிலி நாட்டு அரசுக்கே ஆலோசகர். ஒரு நிறுவனத்துக்குள் செய்தி எப்படி ஓடுகிறது, யார் எதை முடிவு செய்கிறார்கள் என்பதை நரம்பு மண்டலத்தோடு ஒப்பிட்டு யோசித்த மனுஷர். 1972இல் அவர் எழுதிய 'பிரெய்ன் ஆஃப் த ஃபர்ம்' மோவ் ராணுவக் கல்லூரியில் படிக்கும்போது என் கைக்கு வந்தது. பாதிதான் புரிந்தது. அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் 2002 ஆகஸ்டில் டொரன்டோவில் அவர் இறந்தார் என்று தெரிந்த அன்று, என் பழைய சி.ஓ. போய்விட்டது போல இருந்தது.

1. கார்டில் ரேங்கைப் போடாதே. நான் போட்டேன். 'லெப். கர்னல் (ஓய்வு)' என்று கறுப்பு மையில், கொஞ்சம் மேடாகத் தடவிப் பார்க்கும்படி. அதனால் வாசலில் செக்யூரிட்டி சல்யூட் அடித்தார், முதலாளி அறைக்குக் காத்திருக்காமல் போக முடிந்தது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் பட்டறைக்குள் நுழைந்தால் ஃபிட்டர்கள் எழுந்து நின்றார்கள். எழுந்து நிற்கிறவன் உன்னிடம் எதையும் சொல்ல மாட்டான், கண்ணு. அவன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு நீ உட்கார்ந்தால்தான் வாயைத் திறப்பான். பட்டாளத்தில் நமக்கு மரியாதை சம்பளத்தோடு வந்துகொண்டிருந்தது. அது நம் குணத்துக்குக் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டோம். வெளியே வந்தால்தான் எது யூனிஃபார்முக்கு, எது நமக்கு என்று தெரியும். முதல் ஆறு மாசம் வலிக்கும். வலிக்கட்டும்.

2. 'ஜீ சாப்' என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதே. நான் செகண்ட் லெப்டினன்டாக இருந்தபோது ராஜஸ்தான் பாலைவனத்தில் ஒரு எக்சர்சைஸ். பிரிகேட் தலைமையகத்திலிருந்து ஒரு பட்டாலியனுக்கு லைன் போட வேண்டும். பாதையை ஒட்டிப் போட்டால் சீக்கிரம் முடியும், சுற்றிப் போட்டால் விடிந்துவிடும். பாதையை ஒட்டியே போடச் சொன்னேன். பாதையைக் கடக்கிற இடத்தில் கேபிளைப் புதைக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. என் ஹவல்தார், பதினெட்டு வருஷ சர்வீஸ்காரர், மணலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், 'ஜீ சாப்' என்றார். அதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. செய்தி முழுக்க அந்த இடைவெளிக்குள்தான் இருந்தது. எனக்கு அது கேட்கவில்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு லைன் செத்தது. டார்ச்சோடு போய்ப் பார்த்தால், நம் ஆட்களின் டாங்க் ஒன்றின் சக்கரப் பல்லில் முக்கால் மைல் கேபிள் இடியாப்பம் மாதிரி சுற்றிக் கிடந்தது. ஹவல்தார் ஒன்றும் சொல்லவில்லை. கட்டரை எடுத்து வெட்ட ஆரம்பித்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று நான்தான் எரிந்து விழுந்தேன். அவர் வெட்டுவதை நிறுத்தாமல், "சாப், நீங்கள் கேட்கவில்லையே" என்றார். அதில் கோபமே இல்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

வெளியே இந்த 'ஜீ சாப்' வேறு வேஷத்தில் வரும். நம் ஊர் முதலாளி "நல்ல ஐடியாங்க, பார்க்கலாம்" என்றால் வேண்டாம் என்று அர்த்தம். "நீங்க சொன்னா சரிதான்" என்றால், நீ சொல்வது தப்பு என்று அவருக்குத் தெரியும், சண்டை போட நேரமில்லை என்று அர்த்தம். அங்கே நிறுத்து. "இதில் என்ன ஓட்டை இருக்கு, சொல்லுங்க" என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு. அந்த மௌனம் அரை நிமிஷம் நீளும். நீ நிரப்பாதே.

3. அளக்கப் போகிறவள் அளக்கிற பொருளை மாற்றிவிடுவாள் என்பதை மறக்காதே. இதை நான் கற்ற இடம் கோயமுத்தூர்ப் பக்கத்து நூல் மில் ஒன்று. வெளியே வந்து இரண்டாம் வருஷம். ரிங் ஃபிரேம்களில் நூல் அதிகம் அறுபடுகிறது, கம்ப்யூட்டர் வைத்துக் காரணம் கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று கூப்பிட்டார்கள். ஒரு பி.சி., கர்ர் கர்ர் என்று கத்துகிற டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், நான். மூன்று வாரம் தினமும் டிபார்ட்மெண்டில் உட்கார்ந்து, எந்த ஃபிரேமில் எந்த மணிக்கு எத்தனை இழை அறுபடுகிறது என்று கணக்கெடுத்தேன். கணக்கு அழகாக வந்தது. மேற்குச் சுவரை ஒட்டிய ஐந்து ஃபிரேம்களில், மதியத்துக்கு மேல், மற்றவற்றைவிட நிறைய. பழைய இயந்திரங்கள், மாற்றிவிடுங்கள் என்று ரிப்போர்ட் கொடுத்தேன். முதலாளி கடன் வாங்கி மாற்றினார். புது ஃபிரேம் ஓட ஆரம்பித்ததும் மறுபடி மூன்று வாரம் போய் உட்கார்ந்து அளந்தேன். அதே ஐந்து இடம், அதே மதியம், அதே அறுப்பு.

டீ நேரத்தில், ஃபிரேம் பார்த்துக்கொள்கிற ஒரு சைடர் அம்மா, ஐம்பது வயதிருக்கும், டம்ளரை ஆற்றிக்கொண்டே சொன்னார். "ஏனுங்க சார், அந்த ஜன்னல்ல கண்ணாடி ஒடஞ்சு கெடக்குதில்லீங்க, அதுல வர்ற வெக்கைக் காத்துலதான் நூல் காஞ்சு அறுபடுது. நாங்க சாக்கை நனைச்சு கட்டியுட்ருவமுங்க. நீங்க வந்தீங்கன்னா மட்டும் எடுத்துருவம். ஆபீசர் வர்றாரு, டிபார்ட்மெண்ட் சுத்தமா இருக்கோணும்னு மேஸ்திரி சொல்லிப் போட்டாருங்க."

பருத்தி இழைக்கு ஈரம் வேண்டும். காற்று காய்ந்தால் இழை முறியும். இது நூற்பாலையில் அரிச்சுவடி. எனக்கு அது தெரியாது என்பதுகூடப் பெரிய தப்பு இல்லை. ஆறு வாரம் அந்த ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். என் சட்டை மதியமானால் ஏன் உலர்ந்துபோகிறது, முதுகில் ஏன் வெக்கை அடிக்கிறது என்று ஒரு தரம் திரும்பிப் பார்க்கவில்லை. நான் எண்ணியது அத்தனையும் நான் வந்ததால் அறுந்த நூல்.

என் ஃபீஸைத் திருப்பிக் கொடுத்தேனா என்று கேட்பாய். பாதியைக் கொடுத்தேன். முழுதையும் கொடுத்திருக்க வேண்டும்.

4. மேலே யார் இருக்கிறார்கள் என்பதை மறுபடி மறுபடி கேட்டுக்கொள். 1971 ஜூலையில் சிலியிலிருந்து பியருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அங்கே அரசுப் பணியில் இருந்த ஃபெர்னாண்டோ ஃப்ளோரஸ், அப்போது 28 வயது. ஜனாதிபதி அலெண்டேயின் அரசு ஆலைகளை நாட்டுடைமை ஆக்கிக்கொண்டிருந்தது, அவற்றை நடத்த ஒரு வழி வேண்டும். நவம்பரில் பியர் சாண்டியாகோ போனார். ஜனாதிபதி மாளிகையில் அலெண்டேக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு தாளில் தன் மாதிரியைப் படம் போட்டு விளக்கினார். அலெண்டே தொழிலால் டாக்டர், அதனால் நரம்பு மண்டலம் என்றதும் சட்டென்று பிடித்துக்கொண்டார். கீழே ஆலைகள், அதற்கு மேல் ஒருங்கிணைப்பு, அதற்கு மேல் என்று ஒவ்வொரு அடுக்காக ஏறி, உச்சியில் ஐந்தாவது பெட்டிக்கு வந்தார் பியர். இதுதான் நீங்கள் என்று அவர் சொல்ல வாயெடுப்பதற்குள், கடைசியாக மக்கள் வந்துவிட்டார்கள் என்று அலெண்டே முந்திக்கொண்டாராம். இதைப் பியரே பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னார். தனக்கு விழுந்த குட்டை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த கன்சல்டன்ட் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் முழுக் கதையும் கேள். அங்கே ஆலைகளை மாதிரியாக வரையப் போன இன்ஜினியர்கள் பல இடங்களில் மேனேஜர்களிடம் பேசினார்கள். தொழிலாளியிடம் உட்கார்ந்து கேட்டது குறைவு. உச்சியில் மக்கள் என்று எழுதிய திட்டத்திலேயே இப்படி. அவ்வளவு பெரிய மூளைக்கும் அந்தச் சைடர் அம்மாவை எட்டுவது சுலபமாக இல்லை. அதனால் உனக்கு நடக்கும்போது மனசு உடைந்து போகாதே. அடுத்த நாள் மறுபடி ஸ்டூலை எடுத்துக்கொண்டு போ.

5. எல்லாச் செய்தியையும் மேலே ஏற்றாதே. சிக்னல் சென்டரில் இரவு டியூட்டி பார்த்தவள் நீ, இதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ளாஷ், இம்மீடியட், பிரயாரிட்டி, ரொட்டீன். புதிதாக வந்த ஸ்டாஃப் ஆபீசர் ரேஷன் உருளைக்கிழங்கு பற்றிய செய்தியைக்கூட இம்மீடியட் என்று குறித்து அனுப்புவார். எல்லாம் அவசரம் என்றால் எதுவும் அவசரமில்லை. உன் கிளையன்டுகள் எல்லாருக்கும் இதே நோய் உண்டு. பெரிய திரை வேண்டும், அதில் கம்பெனி முழுக்கத் தெரிய வேண்டும், யார் எப்போது டீ குடிக்கப் போனார்கள் என்பது வரை.

சிலியில் செய்தது இதற்கு நேர் எதிர். முந்தைய அரசு வாங்கி மூலையில் போட்டிருந்த டெலக்ஸ் இயந்திரங்களைத் தூசி தட்டி ஆலைகளுக்குக் கொடுத்தார்கள். நாடு முழுமைக்கும் கணக்குப் பார்க்கச் சாண்டியாகோவில் ஏறக்குறைய ஒரே ஒரு கம்ப்யூட்டர். தினமும் எண்கள் வரும், ஏதாவது பிசகினால் எச்சரிக்கை கிளம்பும். அந்த எச்சரிக்கை முதலில் போவது மந்திரிக்கு அல்ல, அந்த ஆலைக்கே. சரிசெய்ய ஒரு கெடு. கெடுவுக்குள் முடியாவிட்டால்தான் அடுத்த படிக்கு ஏறும். எவ்வளவு மரியாதையான ஏற்பாடு பார்! நீ கட்டுகிற எதிலும், தப்பு நடந்த இடத்துக்காரனுக்கு முதலில் தெரியட்டும். அவனுக்கு ஒரு நாள் கொடு.

1972 அக்டோபரில் லாரி முதலாளிகள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தபோது அந்த டெலக்ஸ்கள்தான் கைகொடுத்தன. எந்தச் சாலை திறந்திருக்கிறது, ஓடுகிற லாரி எங்கே நிற்கிறது, எந்த ஊரில் என்ன தட்டுப்பாடு என்று இரவு பகலாகக் கேட்டுக் கேட்டு அனுப்பினார்கள். அந்த நேரத்தில் உதவியது புத்திசாலி மென்பொருளைவிட, ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்த லைன். சிக்னல்ஸ்காரனுக்கு இதைப் படித்தால் கொஞ்சம் மீசை துடிக்கத்தான் செய்யும்.

6. நீ வரைகிற அறையில் யாருக்கு நாற்காலி இல்லை என்று பார். சாண்டியாகோவில் அந்த ஆலைகளைக் கவனிக்கப் பியரும் சிலிக்காரர்களும் கட்டிய அறையின் புகைப்படத்தைப் பார்த்திருப்பாய், சினிமா செட் மாதிரி இருக்கும். அறுகோண அறை, சுழலும் வெள்ளை நாற்காலிகள் ஏழு, கைப்பிடியில் பெரிய பெரிய பொத்தான்கள். ஏன் கீபோர்டு இல்லை தெரியுமா? டைப் அடிப்பது பெண்கள் வேலை, இங்கே உட்காரப் போகிற ஆண்களுக்கு அது வராது, அவர்களுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் ஒரு பெண் எதற்கு என்று யோசித்திருக்கிறார்கள். கையால் ஓங்கித் தட்டினால் போதும். தொழிலாளியும் தட்டலாம் என்ற நல்ல எண்ணமும் அதில் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சுவரில் கம்ப்யூட்டர் படம் மாதிரித் தெரிந்த வரைபடங்களையெல்லாம் கையால் வரைந்து கொடுத்தவர்கள் நான்கு இளம் பெண்கள். நாற்காலி ஏழும் யாருக்கு என்று நினைத்து வரையப்பட்டது?

நான் அந்தப் படத்தை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அதைப் பற்றி ஒரு பெண் ஆய்வாளர் எழுதியதைப் படித்த பிறகுதான் உறைத்தது. உனக்கு முதல் பார்வையிலேயே தோன்றியிருக்கும். அந்தக் கண்ணை மழுங்க விடாதே. மீட்டிங்கில் சிரித்துக்கொண்டே கேள், ஆனால் கேட்காமல் வராதே.

7. சின்னதாகக் கிறுக்குத்தனம் செய்து பார். பியர் ஒரு காலத்தில், ஒரு குளம் ஆலையை நிர்வகிக்குமா என்று பார்த்தார். நிஜமாகத்தான். நீர்ப்பூச்சிகளுக்கு இரும்புத்தூளைத் தின்னக் கொடுத்து, காந்தத்தால் அவற்றின் நடமாட்டத்தைத் திருப்பப் பார்த்தார். கடைசியில் தண்ணீர் துருப்பிடித்துக் கலங்கிப்போய்க் கைவிட்டார். இதை மறைக்கவும் இல்லை. எனக்கு இதைப் படித்ததிலிருந்து அவர்மேல் பாசம் கூடிவிட்டது. உன் காசில், உன் தொட்டியில் தோற்றுப் பார். நான் அடுத்தவர் மில்லில் தோற்றேன்.

8. வாசலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து ஏமாறாதே. ஓர் அமைப்பின் நோக்கம் எது என்று தெரிய வேண்டுமானால், அது சொல்வதை விட்டுவிட்டு, அது செய்துகொண்டிருப்பதைப் பார் என்பது பியர் விட்டுப்போன பாடங்களிலேயே பெரியது. என் தொழில் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற வேலை இதில்தான் இருக்கிறது.

ஓர் அரசு அலுவலகத்தில் குறைதீர்க்கும் மனுக்களுக்கு ஒரு சாஃப்ட்வேர் செய்து கொடுத்தேன். மனு வந்தால் எண், எண்ணுக்கு ஒரு ரசீது, முப்பது நாளைக்குள் முடிக்காவிட்டால் சம்பந்தப்பட்டவர் பெயர் சிவப்பில் வரும். நான்கு மாசத்தில் சிவப்பே இல்லை. எல்லாம் பச்சை. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். படி இறங்கும்போது ஒரு பெரியவர் வழி மறித்தார். மனைவியின் பென்ஷன் நின்றுபோன விஷயம். ரப்பர் பேண்ட் போட்டு நான்கு ரசீது வைத்திருந்தார், நான்கும் என் பிரின்டரில் வந்தவை. நான்கிலும் 'முடிக்கப்பட்டது'. இருபத்தொன்பதாம் நாள் யாரோ மனுவை 'முடித்து' விடுகிறார்கள், அவர் புதிதாக ஒன்று போடுகிறார். "சார், இது முடிஞ்சுதுன்னா எனக்கு ஏன் இன்னும் வரல?" என்று கேட்டார். பொன்னாடை கழுத்தில் இருந்தது. கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை, நான் ஏதோ விவரம் தெரிந்தவன் என்று நம்பிக் கேட்டார்.

நான் செய்தது குறையைத் தீர்க்கிற இயந்திரம் இல்லை, சிவப்பைத் தீர்க்கிற இயந்திரம். மறுநாளே போய் மாற்றியிருந்தால் கதை வேறு. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அடுத்த வேலை காத்திருந்தது, அதிகாரி சந்தோஷமாக இருந்தார். போகவில்லை. நீ போ, கண்ணு. ஒப்பந்தம் முடிந்த பிறகு, ஆட்டோவுக்கு உன் காசைக் கொடுத்து, ஒரு தரம் வாசலில் போய் நில். உள்ளே இருந்து வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார். எந்த டேஷ்போர்டும் அதைக் காட்டாது.

9. வீட்டில் கன்சல்டன்ட் வேலை பார்க்காதே. ரிட்டயர் ஆன முதல் மாசம் உன் பாட்டியின் சமையலறைக்கு ஸ்டாக் லிஸ்ட் போட்டு, டப்பாக்களுக்கு நம்பர் ஒட்டினேன். அஞ்சறைப் பெட்டிக்கு மட்டும் ஐந்து லேபிள். இருபது வருஷத்தில் பத்து ஸ்டேஷனில் குடித்தனம் மாற்றி ஒரு கரண்டி தொலையாமல் கொண்டுவந்தவள் அவள். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை காபிக்குப் பதில் டபராவில் ஒரு லேபிள் இருந்தது.

10. கட்டியதை இடிக்கிற நாள் வரும். அன்றைக்கு யார் பக்கத்தில் நிற்கிறாய் என்பதை இப்போதே யோசித்து வை. 1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அலெண்டே அன்றே இறந்தார். அந்த ஏழு நாற்காலி அறை அழிக்கப்பட்டது. கடிதம் எழுதிய ஃப்ளோரஸ் மூன்று வருஷம் சிறையில் கிடந்தார். பியர் அப்போது லண்டனில், பத்திரமாக. இன்னொருத்தராக இருந்தால், நான் வெறும் டெக்னிக்கல் ஆலோசகன், அரசியலுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு பேட்டி கொடுத்துவிட்டு அடுத்த கிளையன்டைப் பார்க்கப் போயிருப்பார். அவர் அங்கே மாட்டிக்கொண்ட நண்பர்களை வெளியே கொண்டுவரத் தன்னால் ஆனதைச் செய்துகொண்டிருந்தார்.

ரோல்ஸ் ராய்ஸ் ஓட்டிய மனுஷர் அவர். நல்ல ஒயின், சுருட்டு எல்லாம் பிடிக்கும். சாமியார் இல்லை. சிலிக்குப் பிறகு, 1970களின் நடுவில், உடைமைகளில் பெரும்பகுதியைத் துறந்து வேல்ஸ் மலைப்பக்கம் ஒரு கல் குடிசைக்குப் போய்விட்டார். தாடி இடுப்பை நோக்கி வளர்ந்தது. ஓவியம், கவிதை, யோகா. அதோடு பல நாடுகளுக்கு ஆலோசனையும் தொடர்ந்தது. அந்த யோகா எங்கே ஒட்டிக்கொண்டது, இருபது வயதில் நம் நாட்டில் இருந்தபோதா, பிறகா என்று எனக்கு அடிக்கடி தோன்றும். உன்னை நான் குடிசைக்குப் போகச் சொல்லவில்லை. ஈ.எம்.ஐ. இருக்கிறது, பையன் இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். ஆனால் மாசாமாசம் எவ்வளவு வந்தால் போதும் என்று ஒரு எண்ணை இப்போதே தாளில் எழுதி, நான் உனக்குக் கொடுத்த ரெஜிமென்ட் டைரிக்குள் வை. அந்த எண் தெரிந்தவளால்தான் தப்பான வேலைக்கு 'வேண்டாம்' சொல்ல முடியும். எனக்கு அந்த எண் கடைசிவரை தெரியவில்லை.

11. சார்ஜ் ஒப்படைக்கத் தெரிந்துகொள். பட்டாளத்தில் இதற்கு மட்டும் நம்மை நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள். ஒரு ஜெனரேட்டரை ஒப்படைக்கும்போது அதோடு வந்த ஸ்பேனர் வரை எண்ணிக் கையெழுத்து வாங்குவோம். வெளியே வந்ததும் மறந்துவிடுகிறோம். பாஸ்வேர்டு நம்மிடம், வரைபடம் நம் மண்டைக்குள், அவர்கள் நம்மைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒரு ஆசை. நானும் அப்படி இரண்டு இடத்தில் செய்தேன், பணம் வந்தது. நீ வேலை தொடங்குகிற அன்றே, உனக்குப் பின் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டு, அந்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய். அந்த ஆள் நீ எதிர்பார்க்கிற ஆளாக இருக்க மாட்டார்.

பத்து வருஷம் கழித்து அந்த மில் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மனசு கேட்காமல் உள்ளே எட்டிப் பார்த்தேன். என் பி.சி. இல்லை, பிரின்டர் இல்லை, நான் அச்சடித்துக் கொடுத்த ஃபாரம் ஒன்றுகூட இல்லை. ஜன்னலில் கண்ணாடியும் இன்னும் போடவில்லை. ஆனால் சட்டத்தில் வரிசையாக ஆணி அடித்து, ஈரச் சாக்கை அளவாக வெட்டி மாட்டியிருந்தார்கள். ஓரத்தில் பெயின்டில் நம்பர். ஸ்டோர்ஸ் ரிஜிஸ்டரில் 'சாக்கு, ஜன்னல்' என்று தனி வரியே இருந்தது. அந்த சைடர் அம்மா என்னைக் கண்டுபிடித்துவிட்டார். முடி நன்றாக நரைத்திருந்தது. நான் சாக்கைப் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்பல்லாம் ஆரு வந்தாலும் எடுக்கறதில்லீங்க."